உணர்ந்தோர் படிவம்

எங்கள் அலுவலகத்தில் எங்கும் எழுதி வைக்காத ஒரு விதி இருந்தது. ஊழியர்களின் வீட்டிலிருந்து யாராவது தொலைபேசியில் அழைத்து, நிலம் அதிர்ந்தது என்று சொன்னால் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இந்த விதிக்குக் காரணம் ஒரு சலவை இயந்திரம். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய வருடம், எங்கள் மேலாளரின் மாமியார் பதறிப்போய் அழைத்து, தரை கிடுகிடுவென்று ஆடுகிறது, சுவர்க் கடிகாரம் கழன்று விழுந்துவிட்டது என்றாராம். மேலாளர் அப்போது புது மாப்பிள்ளை. மாமியார் பேச்சைத் தட்ட முடியுமா? நகரத்துக்கே எச்சரிக்கை அனுப்பிவிட்டார். இரண்டு பள்ளிக்கூடங்களைக் காலி செய்தார்கள். கடைசியில் பார்த்தால், கால் உடைந்த சலவை இயந்திரம் ஒன்று துணி பிழியும் வேகத்தில் குளியலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. அன்றிலிருந்து யார் வீட்டிலிருந்து அழைப்பு வந்தாலும், "என்னய்யா, வீட்டுல துணி துவைக்கிறாங்களா?" என்று கேட்பது எங்கள் வழக்கம். முதல் ஆளாகக் கேட்பவர் மேலாளர்தான். தன் மானம் போன கதையைத் தானே சொல்லிச் சிரிக்கிற நல்ல மனிதர் அவர்.

நான் நில அதிர்வுப் பதிவகத்தில் பதிவு வாசிப்பவன். சுற்றுவட்டாரத்தில் பதினான்கு இடங்களில் கருவிகள் புதைத்திருக்கிறோம். அவை அனுப்பும் கோடுகளைத் திரையில் பார்த்து, எது நில அதிர்வு, எது லாரி, எது கல்குவாரி வெடி என்று பிரிப்பது என் வேலை. பதினொன்றாம் கருவி, மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஒரு சிறிய ஊரின் குடிநீர் வாரிய வளாகத்தில் இருந்தது. அதன் மின்கலத்தை மாற்றப் போனபோதுதான் என் மனைவியைப் பார்த்தேன். அங்கே கிணறுகளின் நீர்மட்டம் அளக்கும் வேலை அவளுக்கு. குழிக்குள் குனிந்திருந்த என்னிடம், "பூமி நல்லா இருக்கா? ஜுரம் கிரம் இருக்கா?" என்று கேட்டாள். அது அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

திருமணத்துக்குப் பிறகும் அவள் அந்த ஊரிலேயே வேலை பார்த்தாள். எங்கள் மகளும் அவளோடு இருந்தாள். மகளுக்கு ஏழு வயது. ஓரிடத்தில் நிற்கமாட்டாள், அதனால் வாலு என்று கூப்பிடுவோம். நான் நகரத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் போய்வருவேன். பேருந்தில் மூன்று மணி நேரம்.

பொதுமக்கள் யாராவது அதிர்வை உணர்ந்ததாகச் சொன்னால் நாங்கள் நிரப்பும் படிவம் ஒன்று உண்டு. உணர்ந்தோர் படிவம் என்று பெயர். அதிர்வின்போது நின்றிருந்தீர்களா, அமர்ந்திருந்தீர்களா, படுத்திருந்தீர்களா? தொங்கும் பொருள்கள் ஆடினவா? பாத்திரங்கள் சத்தமிட்டனவா? இப்படிப் பத்தொன்பது கேள்விகள். கடைசிக் கேள்வி: மேலும் விவரம் தேவைப்பட்டால் உங்களைத் தொடர்புகொள்ளலாமா? நான் வீட்டில் இதைப் பற்றிப் புலம்பிப் புலம்பி, பத்தொன்பதும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டன. ஊற்றுப் பக்கம் லேசாக ஏதாவது அதிர்ந்தால் உடனே அழைத்து, நான் கேட்பதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் பதில் சொல்லிக்கொண்டே போவாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் புதுசாக ஒரு பதில் வைத்திருப்பாள். "தாராளமா. ஆனா அந்தப் பதிவகத்துக்காரரை மட்டும் அனுப்பாதீங்க, அவர் வந்தா சோறு தீந்துடும்" என்பாள். ஒருமுறை, "தொடர்புகொள்ளலாம், ஆனா பொண்டாட்டி புள்ள இருக்கிற ஆளுன்னா வேண்டாம்" என்றாள். நான் சிரித்துவிட்டுப் படிவத்தை மூடிவிடுவேன். விதி விதிதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து முப்பத்தொன்றுக்கு, கடலுக்கு அப்பால், மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பெரிய நிலநடுக்கம் ஒன்று நிகழ்ந்தது. ஆறு நிமிடத்தில் அதன் முதல் அலை எங்கள் கருவிகளைத் தொட்டது. பத்து நாற்பத்தைந்துக்கு நிலத்தின் மேற்பரப்பில் தவழ்ந்து வரும் மெதுவான அலைகள் வந்து சேர்ந்தன. ஒருமுறை ஏறி இறங்க இருபது வினாடி எடுத்துக்கொள்ளும் அலைகள். எங்கள் காலடியில் நிலம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்ந்தது. யாருக்கும் தெரியவில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குத் தொட்டில் ஆடுவது தெரியாத மாதிரி என்று நான் வாலுவுக்கு ஒருமுறை விளக்கியிருந்தேன். ஆனால் திரையில் பதினான்கு கோடுகளும் மலைப்பாம்புகளாக வீங்கிவிட்டன.

இப்படிப்பட்ட நேரத்தில் செய்வதற்கென்று ஒரு முறை இருந்தது. பெரிய அலை கடக்கும்போது கணினி குழம்பிப்போய், இல்லாத உள்ளூர் அதிர்வுகளையெல்லாம் இருப்பதாகக் காட்டும். நூற்றுக்கணக்கில் காட்டும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் அந்த இரண்டு மணி நேரத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, 'தொலைவு' என்று குறியிட்டு மூடிவிடுவோம்.

எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தூரத்தில் நடக்கும் பெரிய நடுக்கத்தின் அலை, போகிற வழியில் எங்கோ முறியும் நிலையில் இருக்கும் பிளவுகளை உசுப்பிவிடக்கூடும் என்று படித்திருக்கிறேன். வெந்நீர் ஊற்றுகள் உள்ள நிலத்தில் அது அடிக்கடி நடக்கும் என்பதையும் படித்திருக்கிறேன். படித்தது போதாதென்று, மனைவியிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

பதினொன்று பத்துக்கு அவள் என் கைபேசியில் அழைத்தாள். அலுவலகமே சந்தைக்கடையாக இருந்தது. செய்தியாளர்கள் இரண்டு தொலைபேசிகளையும் விடாமல் பிடித்திருந்தார்கள். மேலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கிணத்துல தண்ணி ஏறி ஏறி இறங்குது. மூணாம் நம்பர் கலங்கியே போச்சு, காப்பி மாதிரி இருக்கு."

"தூரத்துல பெருசா ஒண்ணு வந்திருக்கு. அந்த அலை. அப்படித்தான் ஆடும். ஒண்ணும் பயமில்ல."

"அது தெரியுதுங்க. நான் சொல்ல வந்தது வேற. கீழேர்ந்து யாரோ குத்துற மாதிரி இருக்கு. டொக்குனு. இதுவரைக்கும் ஆறு தடவை. நின்னுக்கிட்டு இருந்தேன். தொங்குற பல்பு ஆடல. ஆனா ஜன்னல் கண்ணாடி சலசலன்னுச்சு. தண்ணிக் குவளை சத்தம் போட்டுச்சு..."

படிவத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மேலாளர் குனிந்து என் காதருகில், "வீட்டுலேர்ந்தா? துணி துவைக்கிறாங்களா?" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவளுக்குக் கேட்டிருக்கும்.

"அதே அலைதான். கட்டடத்துல அப்படிச் சத்தம் வரும்" என்றேன்.

"தூரத்து அலைன்னா தாலாட்டுற மாதிரி இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? இது தாலாட்டு இல்லங்க. இது தலையில நறுக்குனு குட்டுற மாதிரி இருக்கு. ஊத்துப் பக்கம் குட்டிக் குட்டியா வரும்னு நீங்களே ஒருநாள் சொல்லலையா?"

"அதெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க சொல்றது. இங்க ஆயிரம் வேலை கிடக்கு. அப்புறம் பேசறேன்."

அவள் விடாமல் படிவத்தைச் சொல்லிக்கொண்டே போய்ப் பதினெட்டாவது கேள்வி வரைக்கும் வந்துவிட்டாள். நான் வைத்துவிட்டேன்.

இருபது வருட அனுபவம் உள்ள எந்தப் பதிவு வாசிப்பவனும் அந்த ஒரு வாக்கியத்தில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். மூவாயிரம் கிலோமீட்டர் பயணம் செய்த அலையில் குட்டு இருக்காது. கூர்மையெல்லாம் வழியிலேயே தேய்ந்துவிடும், ஆட்டம் மட்டுமே மிஞ்சும். குட்டு என்றால் காலுக்கு அடியில், பக்கத்தில் என்று அர்த்தம். பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் இருப்பதை அவள் ஒரு வார்த்தையில் சொன்னாள். பதினொன்றாம் கருவியின் கோட்டிலிருந்து மெதுவான அலையை வடிகட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பின்னாளில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான்கு நிமிடம்.

பன்னிரண்டு நாற்பதுக்கு இரண்டு மணி நேரத்தையும் சேர்த்துத் 'தொலைவு' என்று குறியிட்டேன்.

மாலை ஆறு மணிக்கு மறுபடி அழைத்தாள். அப்போது பின்னணியில் தெருவின் சத்தம் கேட்டது. யாரோ கட்டிலை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"சாயங்காலமும் ரெண்டு வந்துச்சு. தெருவுல எல்லாரும் பள்ளிக்கூட மைதானத்துல படுக்கலாமான்னு பேசிக்கறாங்க. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்னு என்னைத்தான் கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"மத்தியானம் மூணு மணியிலேர்ந்து எல்லாக் கோடும் சுத்தமா இருக்கு. கணினி எதையும் காட்டல" என்றேன். காட்டியிருந்தது. மாலையில் வந்த இரண்டையும் கல்குவாரி வெடி என்று நினைத்து நகர்த்தியிருந்தேன் என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

"வாலுவுக்கு வேற காலையிலேர்ந்து சளி. மூச்சு இழுக்குது. வெளிய பனி கொட்டுது. உள்ள படுக்கட்டுமா, வெளிய படுக்கட்டுமா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்கவில்லை. "பனியில போட்டா இழுப்பு அதிகமாயிடும். உள்ள படுங்க. நான் சொல்றேன்ல" என்றேன்.

பிறகு வாலு தொலைபேசியைப் பிடுங்கினாள்.

"அப்பா, கிளாஸ்ல என் பென்சில் தானா உருண்டுச்சு. டீச்சர் நான்தான் தட்டினேன்னு சொல்றாங்க. நான் தட்டவே இல்லப்பா."

"நீ எதைத்தான் தட்டல? போய் மருந்து சாப்பிடு."

"நீ டீச்சர்கிட்ட சொல்லுவியா?"

"சொல்றேன், சொல்றேன்."

மறுநாள் விடிகாலை ஐந்து நாற்பத்தேழுக்கு என் அறையின் ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. அலுவலகத்துக்கு ஓடவில்லை. எந்தக் கருவிக்குப் பக்கம் என்று கோடுகளைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. அவள் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லையே என்று தோன்றவில்லை, அடிக்கிறதே என்றுதான் தோன்றியது. பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. பாலத்தில் விரிசல். மீதி தூரத்தை ஒரு பால் வண்டியிலும் நடந்தும் கடந்து மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் தெருவில் பதினோரு வீடுகள். ஒன்பது தரைமட்டமாகியிருந்தன. தெருக்காரர்கள் மைதானத்தில் உயிரோடு இருந்தார்கள். போர்வை போர்த்திய முகங்களில் ஒவ்வொன்றாக எனக்கு வேண்டிய இரண்டைத் தேடிக்கொண்டே போனேன். எதிர்வீட்டுத் தையல்காரர் என்னைப் பார்த்து எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்ததில் எனக்கு விளங்கிவிட்டது.

அவர்களை வெளியே எடுத்ததை நான் எழுதப்போவதில்லை. வாலு போர்வைக்குள் அம்மாவை ஒட்டி இருந்தாள் என்பது போதும்.

மூன்றாம் நாள்தான் தையல்காரர் பேசினார். யாரோ கொண்டுவந்து கொடுத்த டீ எங்கள் இருவர் கையிலும் ஆறிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீங்க கேக்காட்டியும் நான் சொல்லிடணும். இல்லாட்டி எனக்குத் தொண்டையில நிக்குது. எங்களை எல்லாம் வெளிய படுக்கச் சொன்னதே உங்க வீட்டம்மாதான்."

"அவ உள்ளதானே..."

"ஆமா. நாங்க கேட்டோம், உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னார்னு. அவர் உள்ள படுக்கச் சொல்றார், ஆனா நீங்க வெளியவே படுங்க, எனக்கு என்னமோ சரியாப் படலன்னாங்க. அப்ப நீ மட்டும் ஏம்மா உள்ள போறேன்னு என் சம்சாரம் சண்டைக்கே போயிட்டா. குழந்தைக்கு இழுப்புன்னாங்க. அப்புறம் சிரிச்சுக்கிட்டே, 'நான் வெளிய படுத்தேன்னு தெரிஞ்சா நாளைக்கு ஆபீஸ்ல அவரைத்தான் ஓட்டுவாங்கக்கா. இன்னைக்குக் காலையிலயே ஒருத்தர் ஓட்டினது எனக்குக் கேட்டுச்சு'ன்னு சொன்னாங்க."

அவர் டீயைக் கீழே வைத்தார். "எங்க உசுரெல்லாம் உங்க வீட்டம்மா போட்ட பிச்சை தம்பி" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நன்றியோடு சொன்னார். மைதானத்தில் எல்லோருமே அப்படித்தான் என்னைப் பார்த்தார்கள். ஒருவராவது என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் நான் அன்று கொஞ்சம் அழுதிருப்பேன்.

அவள் வேலை பார்த்த பம்ப் அறை இடியவில்லை. அதற்குள்ளிருந்து நீர்மட்ட நோட்டைக் குடிநீர் வாரியக் கண்காணிப்பாளர் எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், மட்டங்களுக்கு அருகில் ஓரத்தில், அவளுடைய பொடி எழுத்தில் நேரங்கள் இருந்தன. 10.51 குட்டு. 10.54 குட்டு. 10.55 பெரிய குட்டு. 11.01 குட்டு, செல்லமாக. இப்படி எட்டு. கடைசி இரண்டும் மாலையில். அதற்குக் கீழே ஒரு வரி: 'அவரிடம் சொன்னேன்.'

இரண்டு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். போக வேறு இடம் இல்லை. மேலாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். வெகுநேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உன் மனசுல என்ன ஓடுதுன்னு தெரியும்யா. ஆனா கேளு. அந்தத் தூரத்து நடுக்கம்தான் இதைக் கிளப்பிச்சுன்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. நடுவுல பத்தொன்பது மணி நேரம் இருக்கு. சின்னது வந்தா பெருசு வரும்னும் இல்ல. நூத்துல தொண்ணூத்தஞ்சு தடவை சும்மா அடங்கிப்போகும். நீ பாத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பே?"

"வெளிய படுன்னு சொல்லியிருப்பேன் சார்."

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு, "அந்தச் சலவை மிஷினை அன்னைக்கே உடைச்சுப் போட்டிருக்கணும்" என்றார். குரல் உடைந்துவிட்டது. நான் எழுந்து வெளியே வந்தேன். அவரைத் தேற்றும் தெம்பு என்னிடம் இல்லை.

என் நாற்காலியில் அமர்ந்து, செவ்வாய்க்கிழமைப் பதிவைத் திறந்தேன். பதினொன்றாம் கருவி. மெதுவான அலையை வடிகட்டினேன். மலைப்பாம்பு மறைந்து கோடு மெலிந்தது. மெலிந்த கோட்டில் அதிர்வுகள் முள் முள்ளாக எழுந்து நின்றன. பத்து நாற்பத்தொன்பதுக்கு முதல் முள். பத்து ஐம்பத்திரண்டு. பத்து ஐம்பத்து மூன்றில் பெரியது. அவள் நோட்டில் இருந்ததைவிட எல்லாம் இரண்டு நிமிடம் முந்தி இருந்தன. முதலில் குழம்பினேன், பிறகு நினைவு வந்தது. தாமதமாகிவிடக் கூடாது என்று பம்ப் அறைக் கடிகாரத்தை அவள் எப்போதும் இரண்டு நிமிடம் கூட்டியே வைத்திருப்பாள். இரண்டைக் கழித்தால் எட்டும் அச்சாகப் பொருந்தின. அவள் உணராத மிகச் சிறியவை இன்னும் முப்பத்தைந்து இருந்தன. நாற்பத்து மூன்றையும் எண்ணினேன். 'தொலைவு', 'வெடி' என்ற குறிகளை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக உள்ளூர் அதிர்வு என்று பதிவு செய்தேன். ஒன்பது நாள் ஆனது.

பெரிய குட்டுக்கு நேராக, 'உணரப்பட்டதா?' என்ற கட்டம் காலியாக இருந்தது. வாலுவின் பள்ளி நாட்குறிப்பைப் பார்த்தேன். அந்த நேரம் கணக்குப் பாடம். பெரிய குட்டுக்குத்தான் பென்சில் உருண்டிருக்கும். அவளுக்கு ஒரு படிவம் போட்டேன். அமர்ந்திருந்தார். சிறு பொருள் ஒன்று இடம் பெயர்ந்தது. கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்று குறித்து, பக்கத்தில் 'பெற்றோர் மூலம்' என்று எழுதினேன். படிவத்தை அச்செடுத்து, ஒரு விடுமுறை நாளில் போய், கூடாரத்தில் நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்தில் அவள் ஆசிரியையிடம் கொடுத்தேன். "அவ பென்சிலைத் தட்டலைங்க" என்றேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிறகு மனைவிக்கான படிவத்தைத் திறந்தேன். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நின்றிருந்தார். தொங்கும் பொருள்கள் ஆடவில்லை. ஜன்னல் கண்ணாடி சத்தமிட்டது. குவளை சத்தமிட்டது. எப்படி இருந்தது என்று உங்கள் சொற்களில் விவரிக்கவும் என்ற இடத்தில், 'தாலாட்டு அல்ல, தலையில் குட்டியது போல' என்று எழுதினேன். பதினெட்டு வரைக்கும் நிறுத்தாமல் நிரப்பினேன்.

உங்களைத் தொடர்புகொள்ளலாமா என்ற பத்தொன்பதாவதை நிரப்பாமல் கணினி படிவத்தை ஏற்றுக்கொள்ளாது. ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள்தான். அன்று அவள் அதற்கு என்ன பதில் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது வைத்திருந்திருப்பாள். அதைச் சொல்வதற்குள் நான் வைத்துவிட்டேன்.

தினமும் காலையில் வேலைக்கு வந்ததும் அந்தப் படிவத்தைத் திறக்கிறேன். மாலையில் அப்படியே மூடுகிறேன். முடிவடையாதவை என்ற பட்டியலில் அது ஒன்றுதான் இருக்கிறது.